அழுத நேரம் என்ன? பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் மூளையைக் காக்க கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தால் வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் எங்களிடம் இரண்டு விஷயம் கேட்பார்கள். ஆணா, பெண்ணா? பிறந்த நேரம் என்ன? ஜாதகம் எழுத வேண்டுமே, நேரம் நிமிடச் சுத்தமாக வேண்டும். 4.12 என்றால் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளும் தாத்தாக்களைப் பார்த்திருக்கிறேன். "குழந்தை எப்போது அழுதது சிஸ்டர்?" என்று கேட்டவர்களை, பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தை வார்டிலுமாக நான் வேலை பார்த்த பதினெட்டு ஆண்டுகளில், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

4.12-க்குப் பிறந்து 4.12-க்கே அழுத குழந்தைக்கும், 4.19-க்கு அழுத குழந்தைக்கும் நட்சத்திரம் ஒன்றுதான், ராசி ஒன்றுதான். நடுவில் போன ஏழு நிமிடம்தான் வேறு. அந்த ஏழு நிமிடத்தையும், அதற்கு முன்னால் வயிற்றுக்குள் போன மணி நேரங்களையும், பின்னால் வரும் ஆறு மணி நேரத்தையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீடுகளில் இதை "தண்ணி குடிச்சிடுச்சு", "லேட்டா அழுதுச்சு", "பெட்டியில வச்சிருக்காங்க" என்று சொல்வார்கள். மருத்துவர்கள் ஹெச்.ஐ.இ. என்பார்கள். ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட நிலை அது. சுமார் 85 சதவீதக் குழந்தைகள் பிறந்ததும் தாங்களே மூச்சு விட்டுவிடுகின்றன. இன்னொரு 10 சதவீதம் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் அழுதுவிடும். மீதிக் குழந்தைகளுக்குத்தான் மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். அது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்காது என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: மூளைப் பாதிப்பு இரண்டு அலையாக வருகிறது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். காற்று அடங்கியது, "அப்பாடா" என்று உட்கார்ந்தோம். ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. காற்றில் தப்பித்த வீடுகள்கூட வெள்ளத்தில் மூழ்கின.

மூச்சு முட்டிய மூளைக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் சில செல்கள் உடனே இறந்துபோகும். பிறகு மூச்சு வந்து ரத்த ஓட்டம் திரும்பியதும் மூளை ஓரளவு சமாளித்துக்கொண்டதுபோல் தெரியும். அந்த அமைதி கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதற்குள் செல்களுக்குள் நச்சுப் பொருள்கள் சேர்ந்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, செல்லுக்குச் சக்தி தரும் பகுதிகள் செயலிழக்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் வருவது இரண்டாவது அலை. வலிப்பு, மூளை வீக்கம் எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். முதல் அலையில் தப்பித்த செல்களும் இதில் போய்விடும். வெள்ளம் வருமுன் ஆட்களை மேட்டுக்கு ஏற்றுவதுபோல, அந்த ஆறு மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

ஆனால் புயலே வராமல் தடுக்க முடிந்தால்? பெரும்பாலும் முடியும் என்பது என் அனுபவம். அதனால் பிறந்த பிறகு செய்வதைவிட, பிறப்பதற்கு முன் செய்ய வேண்டியதைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

கர்ப்ப காலத்தில்: எங்கே பிரசவம் என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள்

நம் பக்கம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அதுவரை ஒரு மருத்துவர் பார்த்திருப்பார், இனி வேறு ஊர், வேறு மருத்துவர். அந்த மாற்றத்தில்தான் பல விவரங்கள் தொலைந்துபோகின்றன. ரத்த அழுத்தம் ஏறியது, சர்க்கரை வந்தது, ஸ்கேனில் குழந்தை எடை குறைவாக இருந்தது, முதல் பிரசவம் சிசேரியன் என்பதெல்லாம் பழைய கார்டில் இருக்கும். கார்டு புகுந்தவீட்டுப் பீரோவில் இருக்கும். தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது புடவைக்கு முன்னால் அந்தக் கார்டையும் ஸ்கேன் அறிக்கைகளையும் பையில் வையுங்கள். பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்த எண்) எழுதிய சீட்டும் கூடவே இருக்கட்டும். போன மறுநாளே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும், பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

பிரசவம் பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஏசி அறையையும் பார்க்காதீர்கள். நான் என் தங்கைக்கு இடம் தேடியபோது நான்கு கேள்விகள்தான் கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சிசேரியன் தேவைப்பட்டால் எவ்வளவு நேரத்தில் செய்வீர்கள்? குழந்தைக்கு மூச்சு கொடுக்கப் பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு பிரசவத்திலும் அறைக்குள் இருப்பாரா? குழந்தை நல மருத்துவர் எங்கிருந்து வருவார்? குழந்தைக்கு வென்டிலேட்டர் வேண்டுமென்றால் எங்கே அனுப்புவீர்கள்? இதற்குக் கோபப்படாமல் தெளிவாகப் பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன், குழந்தை வளர்ச்சி குறைவு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கடுமையான ரத்தசோகை: இவர்கள் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்திலேயே பிரசவத்தை வைத்துக்கொள்வது நல்லது. புதுச்சேரியில் ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி என்று நமக்கு வழி இருக்கிறது. வயிற்றிலிருக்கும் குழந்தையை அழைத்துப்போவதைவிடப் பத்திரமான ஆம்புலன்ஸ் எதுவும் கிடையாது. பிறந்த பின் மூச்சுத் திணறும் குழந்தையை விருத்தாசலத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு வருவது வேறு கதை.

தேதி நவம்பர், டிசம்பரில் விழுகிறதா? 2011 தானே புயலும் டிசம்பர் கடைசியில்தான் வந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும், ஒன்பது மாதம் ஆனவர்கள் பாலமும் வாய்க்காலும் தாண்டாமல் மருத்துவமனைக்குப் போய்ச் சேரக்கூடிய சொந்தக்காரர் வீட்டுக்கு முன்னதாகவே போய்விடுங்கள். மரம் விழுந்த பிறகு 108-ஐக் குறை சொல்லிப் பயனில்லை.

அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்

ஏழு மாதத்துக்குப் பிறகு குழந்தையின் துடிப்பு தாய்க்கு நன்றாகப் பழகிவிடும். சாப்பிட்ட பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும். எண்ணிக்கையைவிட முக்கியம், "வழக்கமா இந்த நேரம் உதைக்குமே, இன்னைக்கு இல்லையே" என்று தாயின் மனசுக்குப் படுவது. அப்படிப் பட்டால் அன்றே, அது ராத்திரியானாலும், போய் இதயத் துடிப்பைப் பார்த்துவிட வேண்டும். "பிரசவ நேரம் நெருங்குது, இடம் பத்தல, அதான் அசையல" என்று பெரியவர்கள் சொல்வது தவறு. இடம் குறைந்தால் உதைக்கும் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது.

வலி வந்ததும்

சில அறிகுறிகளுக்குக் குளித்துவிட்டு, விளக்கேற்றிவிட்டு, நேரம் பார்த்துக் கிளம்ப அவகாசம் இல்லை. ரத்தப்போக்கு, விடாமல் கல்லுபோல் இறுகியிருக்கும் வயிறு, பச்சை நிறத்தில் பனிக்குட நீர், தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு. பச்சைத் தண்ணீர் என்றால் குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கிறது என்று பொருள். அப்படிப் போன எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து என்றில்லை, ஆனால் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி வெளியே வந்துவிடுவது. கொடி அழுந்தினால் குழந்தைக்கு ரத்தமே போகாது. அந்த நேரம் தாயை முட்டி போட்டு, மார்பு தரையைத் தொட, இடுப்பை உயரத் தூக்கி இருக்கச் சொல்லுங்கள். கொடியைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். 108-ஐ அழைத்து "கொடி வெளியே வந்துடுச்சு" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். வண்டிக்குள் போனதும் இடது பக்கம் படுத்து இடுப்புக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம்.

கழுத்தில் கொடி சுற்றுவது இதிலிருந்து வேறு. ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பிரசவம் பார்ப்பவர் விரலால் கழற்றிவிடுவார். மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் முகம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பார்க்கட்டும், அது சொந்தபந்தம் சேரும் விஷயம். அதற்காகக் குழந்தைக்குப் பால் கொடுப்பதைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

பிரசவ அறைக்குள்: நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்

குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். வலி நன்றாகப் பிடித்த பிறகு அரை மணிக்கு ஒரு தடவையாவது அதைக் கேட்டுக் குறிக்க வேண்டும். தாய் முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ஆபத்து உள்ளவர்களுக்குத் துடிப்பையும் வலியையும் தொடர்ந்து பதியும் சி.டி.ஜி. கருவி போடுவார்கள். இரண்டு மணி நேரமாக யாரும் வயிற்றில் கருவி வைக்கவில்லை என்றால், "சிஸ்டர், பாப்பா துடிப்பு பாத்தீங்களா?" என்று கேளுங்கள். திட்டு விழுந்தாலும் கேளுங்கள். வார்டு நிறைந்த நாளில், ஒரு செவிலியருக்கு ஆறு பேர் என்று இருக்கும்போது, அந்தக் கேள்வி எங்களையே நிமிர வைக்கும். நான் கேட்கப்பட்டிருக்கிறேன். ஒருமுறை அப்படிக் கேட்டதால்தான் போய்ப் பார்த்தேன், துடிப்பு 90. அந்தக் குழந்தை அரை மணியில் சிசேரியனில் பிறந்து அழுதது.

வலி அதிகமாக வரவழைக்கும் மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த மோசமான குழந்தைகளில் பல இந்த வழியாக வந்தவை. கருப்பை சுருங்கும்போது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போவது குறையும். தளரும்போது மறுபடி பாயும். இரண்டு வலிக்கு நடுவே உள்ள இடைவெளிதான் குழந்தை மூச்சு வாங்கும் நேரம். ஆக்சிடோசின் சரியான அளவில், சொட்டுக் கணக்கில், துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொடுத்தால் நல்ல மருந்து. கணக்கில்லாமல் ஓடவிட்டாலோ, பிரசவத்துக்கு முன் ஊசியாகப் போட்டாலோ, வலி விடாமல் வந்து அந்த இடைவெளி காணாமல் போகும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது அளவுக்கு மீறியது. கைக்கடிகாரத்தை வைத்துக் கூட இருப்பவரே எண்ணலாம். "சீக்கிரம் பொறக்க ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று குடும்பமே கெஞ்சுவதும் நடக்கிறது. தயவுசெய்து கெஞ்சாதீர்கள்.

மேலே ஏறி வயிற்றை அமுக்குவதும் அப்படித்தான். கருப்பை கிழியலாம், கொடி அழுந்தலாம். கருப்பையின் கழுத்து முழுதும் திறக்குமுன் "முக்கு, முக்கு" என்று கத்துவதிலும் பயனில்லை. தாய் களைத்துப்போவாள், அவ்வளவுதான். மல்லாந்தே கிடக்காமல் இடது பக்கம் படுக்கலாம், நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். கூடவே ஒரு பெண் துணை இருக்க அனுமதி கேளுங்கள்.

முதல் ஒரு நிமிடம்

இதை அறைக்குள் இருப்பவர்தான் செய்ய வேண்டும். ஆனாலும் என்ன நடக்கிறது என்று குடும்பத்துக்குத் தெரிந்திருப்பது நல்லது.

குழந்தை வெளியே வந்ததும் சூடான துணியில் துடைப்போம். ஈரத்துணியை எடுத்துவிட்டு வேறு துணி. அழுதுவிட்டால் தாயின் மார்பில் போட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கொடியை வெட்டலாம். அழவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் வார்மர் என்ற சூடு தரும் கருவிக்கு அடியில் வைத்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, வாயில் சளி அடைத்திருந்தால் மட்டும் எடுத்து, முதுகைத் தேய்ப்போம். இதற்கெல்லாம் முப்பது விநாடிதான். அப்போதும் மூச்சில்லை என்றால் முகமூடியை வைத்துப் பையால் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். பிறந்து அறுபது விநாடிக்குள். அதைத்தான் பொன்னான நிமிடம் என்கிறோம்.

அந்த முகமூடி என் உள்ளங்கையைவிடச் சின்னது. தாடை நுனி, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணில் படக் கூடாது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே வளையமாக, மற்ற விரல்கள் தாடை எலும்பைத் தூக்கிப் பிடிக்கும். வலது கை பையை அழுத்தும். "அழுத்து, ரெண்டு, மூணு. அழுத்து, ரெண்டு, மூணு." நான் எப்போதும் நெஞ்சைத்தான் பார்ப்பேன். லேசாக, மெல்லிய துணிக்கடியில் காற்றுப் போனதுபோல் நெஞ்சு உயர வேண்டும். உயரவில்லை என்றால் நூறு தடவை அழுத்தினாலும் வீண். முகமூடியைச் சரிசெய்து, தலையைத் திருத்தி மறுபடி. பக்கத்தில் இருப்பவர் தொப்புள்கொடியின் அடியை இரண்டு விரலால் பிடித்துத் துடிப்புக்கேற்ப வார்மர் விளிம்பில் தட்டுவார். தட், தட், தட். ஆறு விநாடிக்கு எத்தனை என்று எண்ணிப் பத்தால் பெருக்குவோம். நூறைத் தாண்டும்போது அந்தத் தட்டும் சத்தம் வேகமெடுக்கும். அதுபோல நிம்மதி தந்த சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

நிறை மாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் சாதாரணக் காற்றே போதும். ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடிய நேரத்தில் கை பையை அழுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் பல இடங்களில் நடக்கும் சோகம். பச்சைத் தண்ணீரில் பிறந்தாலும் இதேதான்: குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டே நேரத்தைப் போக்காமல் மூச்சைக் கொடுக்க வேண்டும். இந்தப் பயிற்சியை 2009-லிருந்து மத்திய அரசு பிரசவம் பார்க்கும் எல்லோருக்கும் கொடுத்து வருகிறது. கற்றுக்கொண்டதைப் பொம்மையில் மாதாமாதம் செய்து பார்க்காவிட்டால் கை மறந்துவிடும்.

வீட்டிலோ காரிலோ பிறந்துவிட்டால்? 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். துடையுங்கள், தாயின் வெறும் மார்பில் போட்டு மூடுங்கள், முதுகைத் தேயுங்கள். மூச்சு வரவில்லை என்றால் தலையை நேராக வைத்து, உங்கள் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னத்தில் அடங்கும் அளவு காற்றை மட்டும் மெல்ல ஊதுங்கள். மறுமுனையில் பேசுபவர் சொல்வதைத் தொடருங்கள். தலைகீழாகத் தொங்கவிடுவது, பின்புறம் அறைவது, தண்ணீர் தெளிப்பது, வெங்காயம் நசுக்கி மூக்கில் பிடிப்பது எதுவும் வேண்டாம்.

அடுத்த ஆறு மணி நேரம்

1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் அப்கார் மதிப்பெண் போடுவார்கள். நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் வரும் எதிர்வினை, தசை முறுக்கு, மூச்சு என்று ஐந்துக்கும் தலா 2, மொத்தம் 10. வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் 1950-களின் தொடக்கத்தில் வகுத்தது. ஒரு நிமிடத்து மதிப்பெண் குறைந்ததற்காகப் பதற வேண்டாம். பத்து நிமிடத்திலும் 5-க்கு மேல் ஏறவில்லை, அல்லது பத்து நிமிடமாகியும் மூச்சுக்கு உதவி தேவை என்றால்தான் கவலைப்பட வேண்டும். கொடி ரத்தத்தில் அமிலத்தன்மை பார்க்க முடிந்த இடங்களில் பி.ஹெச். 7.0 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதுவும் எச்சரிக்கை.

பிறகு குழந்தையின் நடத்தையைப் பார்ப்பார்கள். கண்ணை அகல விழித்து, எரிச்சலாக, எளிதில் திடுக்கிட்டால் லேசான நிலை. மந்தமாக, துவண்டு, உறிஞ்சாமல், வலிப்போடு இருந்தால் நடுத்தரம். அசைவற்று, தானே மூச்சு விட முடியாமல் கிடந்தால் கடுமை. ஒரு மணிக்கு ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் மணியில் லேசாகத் தெரிந்தது நான்காம் மணியில் மாறலாம்.

பச்சிளங்குழந்தைக்கு வலிப்பு பெரியவர்களுக்கு வருவதுபோல் உடல் உதறி வராது. சப்புக்கொட்டுவது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால் போவது, ஒரே பக்கம் கண் நிலைகுத்துவது, திடீரென்று மூச்சு நின்று நீலம் பாரிப்பது. பார்த்ததும் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

உடல் வெப்பத்தைக் குறைத்து மூளையைக் காக்கும் சிகிச்சை இந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். 36 வாரம் நிறைந்து, நடுத்தரமோ கடுமையோ பாதிப்புள்ள குழந்தையின் உடலை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்து, பிறகு மணிக்கு அரை டிகிரி வீதம் மெல்ல மெல்ல இயல்புக்குக் கொண்டுவருவார்கள். குளிர்ந்த மூளைக்குச் சக்தித் தேவை குறையும், இரண்டாவது அலையின் வேகம் தணியும்.

அதனால் குழந்தையை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் "அப்பா வரட்டும், மாமா வரட்டும்" என்று மூன்று மணி நேரம் ஓட்டாதீர்கள். கடலூரிலிருந்து ஜிப்மருக்கு ராத்திரியில் ஒரு மணிக்குள் போய்விடலாம். மாலையில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், இந்திரா காந்தி சிலை தாண்டிக் கோரிமேடு போய்ச் சேருவதற்குள் நேரம் பறந்துவிடும். காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உள்ளவர்களுக்குச் சிதம்பரம்தான் அருகில். எந்த இடம் என்பதை அனுப்பும் மருத்துவர் தொலைபேசியில் பேசி, படுக்கை இருக்கிறதா என்று உறுதி செய்யட்டும். பச்சிளங்குழந்தைக்கென்றே கருவிகள் வைத்த 108 வண்டி தமிழ்நாட்டில் உண்டு, அதைக் கேளுங்கள். காரில் மடியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

அனுப்பும் சீட்டில் இவை இருக்கட்டும்: பிறந்த நேரம், மூச்சு வந்த நேரம், அப்கார், பை அழுத்திய நிமிடங்கள், வலிப்பு வந்ததா, கடைசியாகப் பார்த்த ரத்தச் சர்க்கரை, உடல் வெப்பம். சர்க்கரை தாழ்ந்தால் பாதித்த மூளைக்கு அது இன்னொரு அடி.

ஒன்றை அடித்துச் சொல்கிறேன். குளிரூட்டல் என்று படித்துவிட்டு வீட்டிலோ வண்டியிலோ ஈரத்துணி, ஐஸ் வைக்காதீர்கள். அளவு தெரியாமல் 32-க்குக் கீழே இறங்கினால் இதயம் தடுமாறும், ரத்தம் உறையாது. மறுபக்கம், மூச்சு முட்டிய குழந்தையை மூன்று கம்பளியில் சுற்றி வார்மரைக் கூட்டி வைப்பதும் தவறு. இந்த மூளைக்குக் காய்ச்சல் விஷம். வெப்பத்தை எவ்வளவு வைப்பது என்பதைச் சேரும் இடத்து மருத்துவர் சொல்வார்.

குளிரூட்டலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்

2005-லும் 2009-லும் மேல்நாடுகளில் வெளியான பெரிய ஆய்வுகள் இந்தச் சிகிச்சையால் இறப்பும் ஊனமும் குறைவதைக் காட்டின. ஏழு குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தையை இறப்பிலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ காக்கலாம் என்பது அவற்றைத் தொகுத்த கணக்கு. விலையுயர்ந்த கருவி இல்லாமலும் செய்ய முடியுமா என்று நம் ஊரிலேயே பார்த்தார்கள். ஜிப்மர் மருத்துவர்கள் ஜெல் பைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது, பலன் நன்றாக இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் மெழுகு போன்ற, வெப்பத்தை உள்வாங்கி நிலை மாறும் பொருளைப் படுக்கையாக்கினார்கள். நமக்குப் பெருமைதான்.

பிறகு 2021-ல் ஹெலிக்ஸ் ஆய்வு வந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகள். குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், குளிரூட்டாதவர்களில் 31 சதவீதம். ஆய்வை நடத்தியவர்களே நம்மைப் போன்ற நாடுகளில் இதைச் செய்ய வேண்டாம் என்றார்கள். எல்லா வசதியும் உள்ள இந்திய மையங்கள் பல, தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு இன்னும் கொடுக்கின்றன. விவாதம் முடியவில்லை.

ஏன் இப்படி? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் குழந்தைகள் பலருக்கு மூச்சுமுட்டல் கடைசி ஐந்து நிமிடத்தில் நடப்பதில்லை. நீண்ட வலியில், மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. பிறக்கும்போதே இரண்டாவது அலை பாதி வந்து முடிந்திருக்கும். அங்கே குளிர்ச்சி என்ன செய்யும்? அதனால்தான் அரை மணிக்கு ஒரு தடவை துடிப்பைக் கேளுங்கள் என்று அவ்வளவு வற்புறுத்தினேன்.

உங்கள் குழந்தைக்குக் குளிரூட்டல் செய்யலாமா என்று பேச்சு வந்தால் கேளுங்கள்: பாதிப்பு எந்த அளவு, பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, இங்கே வென்டிலேட்டரும் விடாமல் வெப்பம் காட்டும் கருவியும் உண்டா? மூளையைக் காக்கும் என்று எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் ஊசியைப் பற்றி யாராவது சொன்னால், குளிரூட்டலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2022-ம் ஆண்டுப் பெரிய ஆய்வில் கூடுதல் பலன் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த மூன்று நாள்

குளிரூட்டப்பட்ட குழந்தையைத் தொட்ட ஒரு தாய், "சிஸ்டர், பாப்பா ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு, உயிர் இருக்கா?" என்று அலறியது இன்னும் காதில் இருக்கிறது. தோல் குளிர்ந்திருக்கும், இதயத் துடிப்பு 100-ஐ ஒட்டி மெதுவாக இருக்கும். அது சிகிச்சையின் இயல்பு. முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறுதான்.

குளிரூட்டினாலும் இல்லாவிட்டாலும் மூளையைக் காப்பது தினசரி நுணுக்கமான கவனிப்பு: சர்க்கரை, ரத்த அழுத்தம், உப்புகள், அளவான மூச்சு, வலிப்புக்கு மருந்து, கிருமித் தொற்று தடுப்பு. தாய் செய்யக்கூடியது பால் பீய்ச்சுவது. முதல் ஆறு மணி நேரத்திலேயே தொடங்கி, மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். இரண்டு சொட்டுச் சீம்பால் வந்தாலும் கொண்டு வாருங்கள். தொட அனுமதி கிடைத்தால் வருடாமல், உள்ளங்கையை அசையாமல் தலையிலும் பாதத்திலும் வையுங்கள்.

அந்த நாட்களில் வராண்டாவில் "அவ ஒழுங்கா முக்கல, அதான்" என்று பேச்சு எழும். மாமியார், நாத்தனார், சில சமயம் பணியாளர்களே. அந்தப் பெண் ஏற்கெனவே உடைந்து போயிருப்பாள், பாலும் வற்றும். கணவரே, அந்தப் பேச்சை நிறுத்துவது உங்கள் வேலை.

வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு வயது வரை

எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால் பொதுவாக முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத் தொடக்கத்திலோ எடுப்பார்கள். படம் நன்றாக இருந்தாலும் தொடர் பரிசோதனையை விடாதீர்கள், மோசமாக இருந்தாலும் நம்பிக்கையை விடாதீர்கள். காது கேட்கும் பரிசோதனை இந்தக் குழந்தைகளுக்குக் கட்டாயம்.

குளிப்பாட்ட வரும் பாட்டியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, வாயால் ஊதக் கூடாது, தொக்கம் எடுக்கக் கூடாது, சாம்பிராணிப் புகை காட்டக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நீங்களே பார்க்க வேண்டியவை. இரண்டு மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேலும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடியே வைத்திருக்கிறது. நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை. டயப்பர் மாற்றும்போது கால்கள் கத்திரிக்கோல்போல் பின்னுகின்றன. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது. அது வலக்கைப் பழக்கம் இல்லை, மறு கை பலவீனம். தலைச் சுற்றளவு வளரவில்லை. இதில் ஒன்று தெரிந்தாலும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள், பயிற்சி இலவசம். ஆறு மாதத்தில் தொடங்கும் பயிற்சியும் இரண்டு வயதில் தொடங்கும் பயிற்சியும் ஒன்றல்ல.

மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்கு மாதங்களில் காட்டுங்கள். ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகுதான் பலர் வராமல் போகிறார்கள், குழந்தை நன்றாகத் தவழ்கிறதே என்று. பேச்சும் விரல் வேலையும் அதன்பிறகுதான் தெரியவரும். ஒவ்வொரு முறையும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் போங்கள். அதில் அழுத நேரம் எழுதாமல் விட்டிருந்தால், வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்டு எழுதி வாங்கி, ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.